பிரேக் மிதித்தால் நடுங்கும் வண்டி

கோட்டையூரில் இருந்து நான் பாடம் நடத்தும் நெற்குப்பைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் காரில்தான் போய்வருகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள் என்பதால், வண்டிக்கு என்ன வந்தாலும் வீட்டில் பழி என் தலையில்தான் விழும். போன வருடம் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. "நீ பிரேக்குல ஏறி நிக்கிற, அதான்," என்றார் என் வீட்டுக்காரர். மூன்று மாதம் இதே பாட்டு. கடைசியில் வண்டியை விற்றுவிடுவோம், நீ பஸ்ஸில் போ என்று அவரே முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஓர் ஆளிடம் சொல்லியும்விட்டார். இரண்டு பஸ் மாறுவதுகூடப் பெரிதில்லை. என் காலை நானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். அதுதான் வலித்தது.

சனிக்கிழமை காலை பிடிவாதமாகக் காரைக்குடியில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவரும் கூடவே வந்தார், தன் தீர்ப்பை மெக்கானிக் வாயால் கேட்பதற்கு.

மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்களே ஓட்டுங்க டீச்சர். நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்றார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. புறவழிச் சாலையில் வேகம் பிடித்து, அவர் சொன்னபோது மிதித்தேன். ஸ்டியரிங் நடுங்கியது, பெடலும் காலை உதைத்தது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பட்டறையில் முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் பிரேக் டிஸ்க். அதன்மேல் கடிகாரம் மாதிரி ஓர் அளவுமானியைப் பொருத்தித் தட்டைக் கையால் சுற்றினார். முள் ஏறி ஏறி இறங்கியது. ஆனால் அவர் உடனே தட்டைக் குற்றம் சொல்லிவிடவில்லை. அதைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்து, திரும்ப மாட்டி அளந்தார். "அடியில துரு இருந்தாலும் இப்படித்தான் ஆடும்," என்றார். துரு போன பின்பும் முள் ஆடியது. இப்போதுதான் தட்டு கோணல் என்று சொன்னார். பத்தாம் வகுப்பு விடைத்தாளை நான்கூட இத்தனை நிதானமாகத் திருத்தியதில்லை.

"பிரேக்குல ஏறி மிதிச்சா அப்படித்தானே ஆகும்?" என்று வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஏறி மிதிச்சிருந்தா சூட்டுல அங்கங்க நீலம் பூத்திருக்கும்ணே. இதுல ஒண்ணுமில்ல. டீச்சர் பதமாத்தான் மிதிக்கிறாக. வண்டியை எப்பக் கழுவுவீக?"

"நாந்தான் கழுவுறேன்," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "இவ வந்து வாசல்ல நிறுத்துன உடனே, பைப்பை வச்சு நாலு சக்கரத்துக்கும் அடிச்சிருவேன். இல்லாட்டி செம்மண்ணு முகப்புத் தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லுல ஒட்டிக்கிரும்ல?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். "தோசைக்கல்லைச் சூட்டோட தண்ணியில வைப்பீகளாண்ணே? இதுவும் வார்ப்பு இரும்புதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டின் கனத்தை அளக்கப் போனார். வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது.

கனம் போதுமானதாக இருந்தது. இரண்டு முன் தட்டுகளையும் லேத்தில் கொடுத்து, இரு பக்கமும் மயிரிழை அளவுக்குச் சீவி எடுத்தார். புது பிரேக் கட்டைகள் போட்டார். சக்கரத்தின் நட்டுகளைக்கூட எதிரெதிராக, எல்லாம் ஒரே இறுக்கத்தில் முடுக்கினார். பிறகு மறுபடியும் என்னையே ஓட்டச் சொன்னார். அதே சாலை, அதே வேகம். மிதித்தேன். வண்டி துளி நடுக்கமில்லாமல் வந்து சத்தமில்லாமல் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாகரிகத்துக்காகவும் அவரை நான் மறக்க மாட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பைப்பை எடுத்தார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஆறட்டும்," என்றார்.

மறுநாள் வண்டி பார்க்க அந்த ஆள் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். "பிரேக்கு நடுங்குதுன்னு சொன்னீகளே?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

"வண்டி விக்கிறதுக்கில்ல," என்றார் வீட்டுக்காரர். தெருவுக்கே கேட்கும்படி அடுத்ததையும் சொன்னார். "அவ கால்ல ஒரு குத்தமுமில்ல. கோளாறு என் கையில இருந்துச்சு."