ஃபிளாஸ்க் யார் கையில்

கூட்டம் கூட்ட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கூட்டத்தை முடிக்கத் தெரிந்தவர் எங்கள் குடியிருப்பில் ஒரே ஒருவர்தான். தொழில் லிஃப்ட் மெக்கானிக். பெயர் எல்லாருக்கும் மறந்துபோய், ஃபிளாஸ்க் சார் என்றே நிலைத்துவிட்டார்.

அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆவதற்கு முன் நடந்த கூட்டங்களைச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பேச உட்கார்வோம். பேச்சு மாடிப்படியில் கிடக்கும் செருப்புக்குப் போகும். செருப்பிலிருந்து வளர்ப்பு முறைக்கு ஏறும். கடைசியில் யாராவது ஒருவர், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவார். தொட்டியில் பாசி மட்டும் ஒருமனதாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஃபிளாஸ்க் சார் இந்த வித்தையைக் கற்றது பாதியில் நின்றுபோன லிஃப்டுகளில். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் யார் அதிகம் கத்துகிறாரோ, அவரிடம்தான் அவர் முதலில் பேசுவார். "அண்ணே, அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருங்க. விட்டுடாதீங்க, உங்களை நம்பித்தான் இருக்கேன்." அந்தப் பொத்தானால் எள்ளளவும் பயன் கிடையாது. ஆனால் அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டு, உலகத்தைத் தாங்குகிறவர் மாதிரி பொத்தானைத் தாங்குவார். மற்றவர்கள் மூச்சு விடுவார்கள். சார் நிம்மதியாகக் கதவைத் திறப்பார்.

இதே சூத்திரத்தைத்தான் கூட்டத்துக்கும் கொண்டுவந்தார். எங்களில் பெரிய குரல், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. அவர் முணுமுணுத்தால் மூன்றாம் மாடியில் குழந்தை விழிக்கும். முதல் கூட்டத்திலேயே சார் டீ ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். "வாத்தியாரே, நீங்க ஊத்தினாத்தான் எல்லாருக்கும் சமமா வரும்." வாத்தியார் பூரித்துப்போனார். சூடான டீயை ஊற்றுகிற மனிதன் குவளையைப் பார்த்தாக வேண்டும். வாயைத் திறந்தால் பக்கத்து ஆளின் மடி வெந்துவிடும். அவர் ஒரு சுற்று ஊற்றி முடிப்பதற்குள் தொட்டி விவகாரம் தீர்ந்துவிட்டது. நிர்வாகம் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வேறு சட்டங்களும் வைத்திருந்தார். ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம். பேச எழுகிறவர், முந்தியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்க வேண்டும். முடிவில் சார் இரண்டே கேள்வி கேட்பார்: "யாரு? எப்போ?" இரண்டுக்கும் பதில் வராமல் யாரும் எழுந்துபோக முடியாது.

இப்படிப்பட்ட மேதையின் வீட்டில் ஒருநாள் குடும்பக் கூட்டம். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வெளியூரில் இருக்கும் மகன், வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். மகன் ஃபோனில், ஸ்பீக்கரில். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள் நேரில். மேசைத் தலைமாட்டில் சார். மனைவி ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முன்னறை ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருப்பவர். எங்கள் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளின் கால்சட்டைகளை நீட்டியதும், வளர்ந்த பெரியவர்களின் இடுப்புகளைப் பிரித்துவிட்டதும் அவர்தான். யாருக்கு எவ்வளவு பிரித்தார் என்று இதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கூட்டம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. மகன் சொன்னதை மகள் திருப்பிச் சொன்னாள். மகள் சொன்னதை மகன் திருப்பிச் சொன்னான். அம்மாவுக்கு ஓய்வு தேவை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறு யாராவது பேசுகிறார்களா என்று சார் முறைப்படி கேட்டார். மனைவி அந்நேரம் மகளின் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தார். குவளையைப் பார்த்தாக வேண்டுமே. சரி, முடிவாயிற்று என்று சார் வாயைத் திறந்தார்.

மகள்தான் குறுக்கே வந்தாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். கூட்டத்துல யாரு ரொம்பப் பேசுவாங்களோ, அவங்க கையிலதானே ஃபிளாஸ்க்கைக் குடுப்பீங்க?"

"ஆமா. அதுதானே வித்தை."

"அம்மா எப்போப்பா அவ்வளவு பேசினாங்க?"

சார் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் டீ ஊற்றியது ஒரே கைதான். வீட்டில் சண்டையே வந்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்த மனிதருக்கு, அதன் காரணம் ஒரு ஃபிளாஸ்க்காகக் கண்முன் நின்றது.

எழுந்தார். மெதுவாக மனைவியின் கையிலிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியைக் காட்டினார்.

"நீ உக்காரு."

"சும்மா இருங்க, உங்களுக்கு ஊத்தத் தெரியாது."

"கத்துக்கறேன். உக்காரு."

அம்மாள் உட்கார்ந்தார். சட்டப்படி முந்தியவர் பேச்சைத் திருப்பிச் சொல்லித்தான் தொடங்கினார்.

"அம்மாவுக்கு ஓய்வு வேணும்னு என் புள்ள சொன்னான். நல்ல மனசு. ஏண்டா கண்ணு, அங்க என் மிஷினை எங்க போடுவே?"

"மிஷினா? அதையும் கொண்டு வரணுமாம்மா?" என்றான் மகன். கேட்ட கேள்வி தவறு என்று அதற்குள் அவனுக்கே உறைத்துவிட்டது போலிருக்கிறது. ஜன்னல் இருக்கிற அறை அங்கே ஒன்றுதான் என்றான். பிள்ளைகள் படிக்கிற அறை.

"அப்ப அவங்க படிக்கட்டும். நான் லீவுக்கு வரேன். எனக்கு இந்த ஜன்னல் வேணும்டா. காலையில வெளிச்சம் ஊசிக் காதுக்குள்ள வந்து நிக்கும். கண்ணாடி போடாமலே நூல் கோத்துடுவேன்."

மகன் அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னான். சரிம்மா, அங்கேயே இரு என்றான்.

விஷயம் முடிந்தது. சட்டப்படி கூட்டமும் முடிய வேண்டும். ஆனால் அம்மாள் எழவில்லை. சமையலறை மேல்தட்டு எட்டவில்லை என்றார். நாற்காலி போட்டு ஏறித்தான் டப்பா எடுக்கிறேன், முழங்கால் வலிக்கிறது என்றார். தனக்கு டீயில் சர்க்கரையே பிடிக்காது என்றார். ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம் என்பதை மகள் கண்ணாலேயே அப்பாவுக்கு நினைவூட்டினாள். அந்தச் சட்டத்தை இயற்றியவர் அப்போது சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு குவளையை நிரப்பப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். பாதி டீ மேசையில் ஓடியது.

கடைசியில் பழக்கதோஷம் அவரை விடவில்லை. ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டே கேட்டார்.

"சரி, அந்த மேல்தட்டை இறக்கறது யாரு? எப்போ?"

அம்மாள் குவளையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்கதான். முதல்ல மேசையைத் துடைங்க."