அண்ணி என்று கூப்பிட்ட குரல்

போன முகூர்த்தத்தில் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்கள் வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் கழுத்திலும் நாலு சொட்டு விழுந்தது. அதைத் துடைப்பதற்குள் என் சித்தி மகள் உமா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, பிரபு இப்பல்லாம் வீடியோவே போடறதில்லையா? எங்க வீட்டுக்காரரு புது போன் வாங்கணுமாம். பிரபு என்ன சொல்றான்னு பாத்துட்டுத்தான் வாங்குவேன்னு ஒரே புடியா உக்காந்திருக்காரு."

"வேல ஜாஸ்திடி அவனுக்கு."

பிரபு என் மகன். வேலை ஜாஸ்தி என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யோடு பந்தியில் உட்கார்ந்தால் சோறு எங்கே இறங்கும்? இலைக்கு முன்னால் குனிந்தாலும் பன்னீர் வாடைதான் வந்தது. எனக்கு அது கல்யாண வாடை இல்லை. டெலிபோன் வாடை.

சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் இதே ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் எஸ்.டி.டி. பூத்தில் நான் வேலை பார்த்தேன். பி.காம். முடித்த கையோடு, பேங்க் பரீட்சை எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வாய் வைத்துப் பேசுகிற ரிசீவர். வெற்றிலை, பீடி, பவுடர், வியர்வை எல்லாம் அதில் படிந்திருக்கும். பூத்துக்காரர் மாணிக்கம் அண்ணன் சுத்தக்காரர். பஞ்சில் பன்னீரை நனைத்து ரிசீவரைத் துடைக்கச் சொல்வார். நான் துடைத்துக்கொண்டே இருப்பேன். பாட்டில் தீர்ந்தால், "ஏம்மா, போனத் தொடைக்கிறியா, குளிப்பாட்டுறியா?" என்பார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் ஆள் பேசும். வெளியே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும். ஏனென்றால் நம் ஜனங்கள் தூரத்துக்குத் தகுந்தாற்போலக் கத்துவார்கள். தஞ்சாவூர் என்றால் ஒரு சத்தம், மெட்ராஸ் என்றால் அதற்கு மேல், சிங்கப்பூர் என்றால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ஆடி மாதத்தில் கடைமடைப் பக்கத்து விவசாயி ஒருவர் வருவார். ஆற்றில் தண்ணீர் திறந்ததும் மேலே கல்லணைப் பக்கத்தில் இருக்கிற மச்சானுக்குப் போன் போடுவார். "மாப்ள, தண்ணி வந்துடுச்சா? அங்கயே நிறுத்தி வச்சுக்காம இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வுடு" என்று கத்திவிட்டு, ஏதோ மச்சான்தான் மதகைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல முறைத்துக்கொண்டு வெளியே வருவார்.

வெள்ளிக்கிழமைகளில் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து செல்வி என்ற பெண் வருவாள். அவள் புருஷன் வளைகுடாவில் யாருடைய படகிலோ மீன்பிடிக்கப் போயிருந்தான். மீன் விற்ற கூடையை வெளியே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். லைன் கிடைத்ததும் கொஞ்ச நேரம் பேசவே மாட்டாள். மீட்டர் ஓடும். எனக்குத்தான் அடித்துக்கொள்ளும். ஒருநாள் கேட்டே விட்டேன், "ஏன்க்கா, காசு ஓடுதுல்ல, பேச வேண்டியதுதானே?"

"பேசறதுக்கு என்னம்மா இருக்கு? அந்த மனுசன் கொரலு வந்துடுச்சுன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம். அது போதும் எனக்கு" என்றாள்.

அப்போது அது எனக்குப் பெரிய வார்த்தையாகப் படவில்லை. குரல் வந்தால் ஆள் இருக்கிறான். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வெளியூரிலிருந்து எங்கள் பூத்துக்குக் கூப்பிட்டு, இன்னாரை வரச் சொல்லுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பெயர் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். "ஹலோ" என்ற ஒரு சத்தம் போதும். குவைத்தா, திருப்பூரா, அண்ணனா, தம்பியா எல்லாம் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. பேங்க் பரீட்சை தேறாவிட்டால் என்ன, என் காதுக்கு யார் பரீட்சை வைக்க முடியும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

பிறகு கல்யாணம். திருவிடைமருதூருக்குக் கிட்டத்தில், காவிரியை ஒட்டிய ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். என் கணவர் மூத்தவர். அவருக்குக் கீழே இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. விடிந்ததிலிருந்து வீடு முழுக்க ஒரே கூப்பாடுதான். "அண்ணி, காபி." "அண்ணி, என் சட்டை எங்க?" "அண்ணி, சினிமாவுக்கு வர்றீங்களா?" இந்தக் கூப்பாட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த பிரபு வாய் திறந்ததும் என்னைக் கூப்பிட்டது "அண்ணி" என்றுதான். நம் பக்கத்துக் கூட்டுக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பெற்றவளை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வளர்ந்தால் மாறிவிடும் என்றார்கள். மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "யாருடா வந்திருக்கறது?" என்று கேட்க, இவன் "எங்க அண்ணி" என்று சொல்ல, அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளைக்கு அண்ணன் இருந்து, அந்த அண்ணனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

வெளியில் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஏக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவரும்போது என்னையறியாமல் திரும்பிப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பூத் எப்போதோ போய்விட்டது. செல்போன் வந்தது, மிஸ்டு கால் வந்தது, கைபேசியிலேயே முகம் பார்த்துப் பேசுவதும் வந்தது. பிரபு படித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். சனி ஞாயிறுகளில் புதுப் போன்களை வைத்துக்கொண்டு வீடியோ போட ஆரம்பித்தான். "வணக்கம் மக்களே, இந்த போனுல கேமரா சூப்பர், பேட்டரி படு மட்டம். டப்பால சார்ஜர்கூட வைக்க மாட்டேங்கறான். அப்பறம் எதுக்கு அந்த விலை?" என்று அவன் பொரிந்து தள்ளுவதைக் கேட்க ஊரில் ஆள் இருந்தது. என் கணவருக்கு மட்டும் ஒரு குறை. "எல்லாப் போனையும் நொட்டை சொல்றான். நாம வச்சிருக்கறதப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்றானா பாரு" என்பார். ஆனால் வரப்பில் நின்றுகொண்டு, நடவுக்கு வந்த பெண்களுக்கு அந்த வீடியோவைக் காட்டுகிறவரும் அவர்தான். டவர் கிடைக்காமல் கையை உயர்த்திக்கொண்டு தென்னைக்குத் தென்னை நடப்பார்.

ஒரு வீடியோவில், வயதானவர்களுக்கு ஏற்ற போன் எது என்று சொல்லிக்கொண்டு வந்தவன், "எங்க அம்மாவுக்கு இதத்தான் வாங்கிக் குடுத்தேன் மக்களே. அம்மா ஹாப்பி" என்றான். ஊருக்காகச் சொன்னதுதான். ஊர் பார்க்கிற வீடியோவில் அண்ணி என்று சொன்னால் யாருக்குப் புரியும்? ஆனாலும் நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டம்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அம்மா... அம்மா, நான் பிரபும்மா. வண்டில ஒருத்தர இடிச்சுட்டேம்மா. ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. என் போனக்கூட வாங்கிட்டாங்க. பயமா இருக்கும்மா."

அவன் குரல். அழும்போது மூக்கில் அடைக்கிற அந்தச் சின்ன இழுப்புகூட அவனுடையதுதான். அம்மா என்று அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லையே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவும் செய்தது. ஆனால் எப்படித் தோன்றியது தெரியுமா? ஆபத்தில் என் பிள்ளைக்கு அம்மா என்று வந்துவிட்டது என்று. அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் மார்பு நிறைந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

உடனே வேறு ஓர் ஆள் பேசினார். அதட்டலான குரல். "கேஸ் ஆகாம இருக்கணும்னா இப்பவே பணத்தப் போட்டு விடுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, பையனுக்குத்தான் கஷ்டம்." அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். இருந்ததெல்லாம் போனது. அதைக்கூட விடுங்கள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தபோது மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை பிரபுவின் எண். அவன் போனைத்தான் வாங்கிவிட்டார்களே, போலீஸ்தான் கூப்பிடுகிறது என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அண்ணி, சாப்டியா? அப்பா வயலுக்குப் போயாச்சா?"

சிரித்துக்கொண்டே கேட்டான். எப்போதும்போல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு நீ?"

"யாரா? நான்தான், அண்ணி. என்ன ஆச்சு?"

"பொய் சொல்லாத. என் புள்ள இப்பதான் பேசுனான். என் புள்ள என்னை அம்மான்னு கூப்பிட்டான்."

அவனுக்குப் பின்னால் ஏதோ ஆபீஸ் இரைச்சல் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் விளங்கிவிட்டது. பிரபு அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் சேற்றுக் காலோடு ஓடிவந்து, என்னிடமிருந்து பாதி பாதியாகக் கேட்டு, புகார் கொடுத்து, பேங்குக்குப் போய் வந்து ஓய்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீடியோக்களில் இருக்கிற குரலை எடுத்துக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், அதே குரலில் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாமாம். பிறகு பார்த்தால் போனைத் திறந்தாலே அந்தச் செய்திதான். ஆளுக்கொரு சேனலில் ஆளுக்கொரு யோசனை. கொழுந்தன் வந்து, "இனிமே காதால கேக்கறத நம்பாதீங்க அண்ணி. வீட்டுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கணுமாம். அதச் சொன்னாத்தான் நம்ம ஆளு" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை இருபத்தைந்து வருஷமாக இருந்தது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? அதைச் சொன்னவனைத்தான் நான் யார் நீ என்று கேட்டேன்.

அந்த வாரமே பிரபு எல்லா வீடியோவையும் அழித்துவிட்டான். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மா" என்றான். அன்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருப்பான். எனக்கு அந்தப் பொய்ப் போன்தான் கேட்டது. அதே குரல், அதே வார்த்தை.

"வேணாம்டா. அப்படிக் கூப்பிடாத."

"சரி" என்றான்.

அண்ணி என்று திரும்பவும் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இப்போது அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்டாச்சா?" என்று ஆரம்பிப்பான், "வச்சுடவா?" என்று முடிப்பான். பிறகு அதுவும் குறைந்து வெறும் எழுத்தாக வருகிறது. எழுத்தை யாரும் தட்டலாமே என்று எனக்கு உடனே தோன்றுகிறது. பதில் போட விரல் வருவதில்லை. நான் பதில் போடாததால் அவன் அப்பாவுக்குப் போடுகிறான்.

பொங்கலுக்கு வந்தான். எதிரில் உட்கார்ந்து பேசினான். அலுவலகத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் நடுவில் நிறுத்தி, "ஏன் என் வாயவே பாக்கற?" என்றான். அவன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உதடும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் பெற்ற பிள்ளை, என் வீட்டில், நான் பரிமாறிய இலைக்கு முன்னால்.

"ஒண்ணுமில்ல, மெலிஞ்சுட்ட" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

போன பணத்தைப் பற்றிப் புகார் எண் இருக்கிறது, போனால் விசாரிக்கிறார்கள். மற்றதற்கு எங்கே போய் விசாரிப்பது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் கொல்லைப்பக்கம் குழாயடியில், முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் அண்ணி என்று கூப்பிடுவான். நான் திரும்பவே மாட்டேன். "கை கால் கழுவிட்டு வாடா, சோறு ஆறுது" என்பேன். அப்படித் திரும்பாமலே பதில் சொன்ன ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள்.