அவள் குடிக்காத கிண்ணம்

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து முடிந்ததும் சபையின் பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால், எக்ஸ்சேஞ்ச் அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். திராட்சை ரசம் கொடுத்த, கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள், நூற்றிருபது. ஒவ்வொன்றையும் வெந்நீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டுத் தடம் தெரிந்தால் மறுபடி அலசுவாள். யாராவது ஒத்தாசைக்குப் போனால் பொல்லாத கோபம் வந்துவிடும்.

"உங்க வீட்டுப் பாத்திரத்தை முதல்ல ஒழுங்கா கழுவுங்க" என்று விரட்டிவிடுவாள்.

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கிண்ணங்களில் ஒன்றில்கூட அவள் குடித்ததில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வரும், வாசலுக்கு எழுந்து ஓடுவாள். வயிற்றுப் புண் என்ற ஒரே சாக்கை வைத்து ஆறேழு வருடம் ஓட்டினாள். நாம் செய்கிற நல்லது எதுவும் நம்மை நீதிமானாக்காது, கிறிஸ்துவை நம்பி வெறுங்கையோடு வருகிறவனைத்தான் தேவன் நீதிமான் என்கிறார் என்று போதகர் பிரசங்கித்தால், எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்வதும் அவள்தான். ஊருக்கெல்லாம் அது சரி, தனக்கு மட்டும் செல்லாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாது.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அவள் ஒரு ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அந்தக் காலத்துப் பலகை. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டும். குரலை ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டாள். அம்மாவின் அடக்கத்தன்று, கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தாள் என்பதற்காக, தங்கை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "உனக்கு அம்மாவைவிட டூட்டிதானே பெருசு?" அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பதினோரு மாதம்.

பிறகு ஒருநாள் காலை, வேலை மும்முரமாக இருந்த நேரம், பலகையில் விளக்கு எரிந்தது. எடுத்தாள்.

"அக்கா, நான்தான்..."

"ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்றாள், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரலில். டூட்டி பெரிது என்றாயே, இருந்து பார் என்று ஒரு வீம்பு. ஒயரை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். நிதானமாகக் குடித்துவிட்டு வந்து, "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. எங்கோ தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரிசீவரைப் போட்டுவிட்டுப் போய்விட்டாளா, இவ்வளவு ரோஷமா என்று ஒயரைப் பிடுங்கினாள். சாயங்காலம் தங்கையை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், உயிரில்லாமல். நெஞ்சு வலி.

அந்த போன் வந்தது யாருக்கும் தெரியாது. தங்கையின் புருஷன் முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால், ஏழு வயது மகளை இவளே தூக்கி வந்தாள். கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. பெற்றவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அக்கம்பக்கம் மெச்சியது. மெச்ச மெச்ச அவளுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் சாய்த்துவிட்டது. கிண்ணங்களைத் தங்கை மகள் கழுவினாள். இந்த ஞாயிறு மதியம் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவதாகப் போதகர் சொல்லியனுப்பினார். கட்டிலில் கிடப்பவள் எந்த வாசலுக்கு எழுந்து ஓடுவது? தங்கை மகள் ஒருத்தி மன்னித்தால் துணிந்து குடித்துவிடலாம் என்று தோன்றியது. குழறிய நாக்கோடு எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிட்டாள்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு ஸ்கூல் விட்டு வந்தப்ப ரிசீவர் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. குழாய் திறந்தபடி ஓடிட்டிருந்துச்சு. அம்மா தரையில தூங்குறாங்கன்னு நெனச்சு, சத்தம் போடாம நான்தான் குழாயை மூடினேன்."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப என்னை வளர்த்ததெல்லாம் இதுக்காகத்தானா, பெரியம்மா? நான் உங்களுக்குப் புள்ளையா, தண்டனையா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். அவளுக்கு வாய் வரவில்லை.

"முதல்ல... தண்டனையாத்தான் எடுத்துக்கிட்டேன்மா."

"அப்புறம்?"

"எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியலம்மா."

மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. எப்படி வரும்? வளர்த்தேன் என்று கடவுளிடம் காட்டப் பெரியம்மா ஒன்றே ஒன்று வைத்திருந்தாள். அதையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். தலையணை நனைய நனைய அழுதாள்.

அந்த நேரத்தில்தான் போதகர் வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். பளிச்சென்று இருந்தது. அவள் கழுவியதல்ல.

"இருமல் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார். மனிதர் எல்லாவற்றையும் கவனித்துத்தான் இருக்கிறார்.

"பாஸ்டர், என்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல. கையும் இல்ல. செஞ்சதும் இல்ல. அவளும் மன்னிக்கல."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்தை ஊற்றினார்.

இடது கையால் வாங்கினாள். இருபத்தாறு வருடம் பேர் சொல்லிக் கூப்பிடக் கூசிய இயேசுவைக் கூப்பிட்டாள். நீரே பார்த்துக்கொள்ளும் என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. குடித்தாள். பாதி கன்னத்தில் வழிந்தது.

மகள் எப்போது வந்து நின்றாளோ, முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. பெரியம்மாவின் விரல்கள் காலிக் கிண்ணத்தை விடவில்லை.

"நான் கழுவிடுறேன்மா..."

"விடுங்க பெரியம்மா."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வேறு சத்தமே இல்லை, தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு லைனில் கேட்ட அதே சத்தம்.

"இருக்கியாம்மா?" என்று இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

குழாய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அழுது கம்மிய குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

"இருக்கேன்."