என்னைத் தோற்கடித்தவள் ஜெயிக்க வேண்டும்

எங்கள் செம்பூர் காலனியில் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேரம் போட்டி நடக்கும். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். தோற்றவர் அத்தோடு வெளியே. என் கைராசி, எந்த வருடமும் முதல் சீட்டிலேயே சாம்பியனாகப் போகிறவர்தான் எனக்கு வாய்ப்பார். சீக்கிரமே தோற்றுவிட்டு, மிச்ச நாளெல்லாம் வடாபாவ் தின்றுகொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பேன். கேரமைவிட வடாபாவில்தான் எனக்குப் பயிற்சி அதிகம்.

எனக்குப் பத்து வயதானபோது போட்டியை நடத்தும் பொறுப்பு அத்தையிடம் வந்தது. தாணேக்கு ஆபீஸ் போய்வந்த அத்தைக்கு அநியாயம் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். எல்லோருக்கும் ஐந்து ஆட்டம், ஒரே பாயிண்டில் இருப்பவர்கள் தங்களுக்குள் மோத வேண்டும், கடைசியில் முதல் நான்கு பேருக்கு அரையிறுதி என்று அறிவித்துவிட்டாள். காலனி செக்ரட்டரி மாமா குதித்தார்.

“தோத்தவா ஆத்துக்குப் போகலேன்னா அது என்ன டோர்னமென்ட்?”

“வேடிக்கை பாக்கவா குழந்தேளைக் கூப்பிடறோம்? ஆடட்டும்,” என்றாள் அத்தை.

அப்படியும் முதல் ஆட்டத்தில் தோற்றேன். ஜெயித்தவள் தாராவியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருந்த பெண். என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்த முறை யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லையே! முதலில் தோற்றவர்களோடு ஆடி ஜெயித்தேன். பிறகு ஜெயித்தவர்களோடு ஆடியும் ஜெயித்தேன். வரிசையாக நான்கு ஆட்டம். ஸ்ட்ரைக்கர் சொன்னபடி கேட்டது.

நாலாம் இடத்துக்கு நானும் ஒரு பையனும் சமமாக நின்றோம். அப்படிச் சமமானால், யாருடைய எதிராளிகள் மொத்தத்தில் அதிகப் பாயிண்ட் எடுத்தார்களோ அவருக்கே இடம் என்பது அத்தையின் விதி. கூட்டிப் பார்த்தால் அதிலும் சமம். முடியாமல் இருந்தது ஒரே ஒரு பலகைதான். அதில் தாராவிப் பெண்ணும் செக்ரட்டரி மாமாவின் பிள்ளையும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“உன்னைத் தோக்கடிச்சாளே, அவ ஜெயிச்சா அந்தப் பாயிண்ட் உன் கணக்கிலே ஏறும், நீ உள்ளே,” என்றாள் அத்தை.

ஹால் முழுக்க மாமா பிள்ளைக்காகக் கத்தியது. நான் அவள் பின்னால் போய் நின்று, “அக்கா, மாரோ, அடி! ரெட் காயை விடாதே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த அடியில் ரெட் விழுந்தது, அதற்கடுத்த அடியில் அதை உறுதியாக்கும் ஃபாலோ காயும். ஆட்டம் அவளுக்கு. நான் உள்ளே!

அரையிறுதியில் முதலிடமும் நாலாமிடமும் மோத வேண்டும். அதாவது அவளும் நானும்.

“ஏட்டி, நீ கத்துன கத்துலதான் ரெட்டு விழுந்துச்சு, பாத்துக்கோ,” என்று சிரித்தபடி பவுடர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். ஒரே ஒரு காய் வித்தியாசத்தில் அவளை ஜெயித்தேன்.

இறுதி ஆட்டம் மாமா பிள்ளையோடு. காலனியே அவன் பக்கம். என் முதுகுக்குப் பின்னாலிருந்து மட்டும் ஒரு குரல், “அடிட்டீ! விடாத, அடி!” என்று கடைசிக் காய்வரை ஓயவில்லை. தோற்றவள் பஸ்ஸுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். ஜெயித்தேன். கோப்பை கைக்கு வந்தபோது செம்பூரே என்னுடையது என்று தோன்றியது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தையிடம் கேட்டேன், நான் ஜெயித்ததில் அந்த அக்காவுக்கு எத்தனை பாயிண்ட் ஏறும் என்று.

“அவ ஆட்டந்தான் முடிஞ்சாச்சே. ஒண்ணும் ஏறாது.”

“பின்னே எதுக்கு அத்தை அப்படிக் கத்தினா?”

அத்தை நடப்பதை நிறுத்தி என்னையே பார்த்தாள். பாவம், அந்த அக்காவுக்குக் கணக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, கோப்பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.