முள் பார்த்த கண்

காகித ஆலையின் பாய்லர் அறையில் அவருக்கு 'முள்ளு' என்றுதான் பெயர். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள், சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முள் அசையாமல் நின்றால் மனமும் நிற்கும். பக்கத்தில் இரும்புத் தகடு விழுந்தாலும் மனிதர் திரும்ப மாட்டார். அப்படிப் பழகிய கண், ஓய்வு பெற்றபின் தங்க இடமில்லாமல் வீடெல்லாம் அலைந்தது. கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்த ஸ்டெபிலைசரில் போய் உட்கார்ந்துகொண்டது. வோல்டேஜைப் பார்த்தபடியேதான் சாப்பிடுவார்.

"என் நெத்தியில ஒரு முள்ளு இருந்திருந்தா என்னையும் பார்த்திருப்பீங்க" என்பாள் மனைவி.

அவர் சிரிப்பார், ஸ்டெபிலைசரைப் பார்த்து.

அவளுக்கு நுரையீரல் கெட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கருவிப் பொறியாளரான மகள், ஒரு மானிட்டர் வாங்கிவந்து கட்டிலின் தலைமாட்டில் பொருத்தினாள். விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது பச்சை எண்ணாகத் திரையில் வரும். நாற்காலியிலிருந்து அப்பாவுக்குக் கண் கூசாமல் தெரியட்டும் என்று கோணத்தைக்கூடத் திருத்தி வைத்தாள்.

அவர் பதற்றம் அன்றே அடங்கியது. எண் நின்றால் நிம்மதி. இறங்கினால் நெஞ்சு படபடக்கும்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"கொஞ்சம் என் மூஞ்சியைப் பாருங்களேன். நான் போற நேரத்துலயும் அந்தப் பொட்டியைத்தான் பார்ப்பீங்களா?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எங்க?"

"எண்பத்தெட்டு இருக்கு. பயப்படாதே."

அவர் முயலாமல் இல்லை. முகத்தைப் பார்த்தால், வாய் திறந்து அவள் காற்றுக்குத் தவிப்பதுதான் தெரிந்தது. அதைத் தாங்காமல் கண் தானாகப் பச்சைக்கு ஓடியது.

ஒருநாள் காலையில் அவளே கிளிப்பைக் கழற்றிவிட்டாள். மானிட்டர் அலறியது. அவர் பாய்ந்து வந்து, போர்வைக்குள் விரலைத் தேடி, மறுபடி மாட்டினார். எண் வந்ததும் நாற்காலிக்குத் திரும்பினார்.

"இவ்ளோ கிட்ட வந்தீங்க" என்றாள் அவள்.

மத்தியானம் மீண்டும் அலறல்.

"திரும்பவும் கழட்டிட்டியா? உன்னோட பெரிய ரோதனை."

கிளிப் விரலில்தான் இருந்தது. எண் வரவில்லை. அழுத்திப் பார்த்தார். வேறு விரலில் மாட்டிப் பார்த்தார்.

"அம்மாடி, இங்க ஓடி வா! ஒயர் போயிடுச்சு போல."

மகள் வந்தாள். இணைப்பைப் பிடுங்கிச் செருகினாள். கிளிப்பின் உட்புறத்தைத் துடைத்தாள். மானிட்டரை அணைத்து மறுபடி போட்டாள். கட்டிலின் குறுக்கே குனிந்து இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே அவள் கிடந்தாள்.

"சென்சார்தான் போயிருக்கும்ப்பா."

மகள் கிளிப்பைத் தன் விரலில் மாட்டினாள். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு காட்டியது: தொண்ணூற்றெட்டு.

பச்சை எண்ணைக் கண்டதும், பழக்கதோஷத்தில், அவர் நெஞ்சு அடங்கியது. நிம்மதியாக ஒரு மூச்சுகூட விட்டார்.

"மெஷின் நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றாள் மகள்.

அதன்பிறகுதான் இருவரும் கீழே பார்த்தார்கள். அவள் கண்கள் திறந்திருந்தன, அவருடைய நாற்காலி இருந்த பக்கமாக.