பன்னிரண்டாம் பக்கம் வரை அரக்குச் சாயம்

போன வாரம் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். "அத்தை, நீங்களும் கையக் குடுங்க" என்று பிள்ளைகள் பிடித்து உட்காரவைத்து, இந்த வயதில் எனக்கும் மருதாணி போட்டுவிட்டார்கள். கழுவினேனோ இல்லையோ, பாதியில் விட்ட நாவல் ஞாபகம் வந்துவிட்டது. ஈரக் கையோடு எடுத்ததில் பக்கத்து ஓரத்தில் என் கட்டைவிரல் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று பதிந்தது. புதுப் புத்தகம்! ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டேன். உடனே சிரிப்பும் வந்தது, சாமுவேல் அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார்.

அவரிடம் போவதற்கு முன் அந்த நாவலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அறுநூறு பக்கம், மூன்று தலைமுறைக் கதை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தது; வந்ததும் கேக் வெட்டினார்கள், பியானோ வாசித்தார்கள். நாவல்களில் வரும் எங்கள் ஆட்களுக்கு வேறு வேலையே கிடையாதா? நான் பிறந்த வீட்டில் பியானோவை வைத்தால் அப்பா படுக்க இடம் இருந்திருக்காது. அதற்கு முன் படித்தது ஒரு விசுவாசப் புத்தகம். விசுவாசத்தில் வளர ஏழு படிகளாம். வரிக்கு வரி ஆச்சரியக்குறி. இரண்டாம் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.

இப்படிப் புத்தகத்தைப் பிடித்து வைத்துத் திட்டுவதற்கு என்னைப் பழக்கிவிட்டதே எங்கள் ஆலயத்து பீரோதான். அப்போது நான் பட்டுக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள், நான் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு ஓடுவேன். அங்கே ஓர் இரும்பு பீரோ. மேல் தட்டுகளில் விசுவாசப் புத்தகங்கள், கீழ்த் தட்டில் நாவல்கள். ஊரைவிட்டுப் போன ஒரு டீச்சரம்மா மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போன நாவல்கள் அவை. யார் எதை எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. சாவி சாமுவேல் அண்ணனிடம்.

அண்ணனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கி முக்கி எடுத்து, கை மணிக்கட்டு வரை நிறம் ஏறியிருக்கும். திருவிருந்தில் அப்பம் வாங்க நீட்டும் உள்ளங்கை ஒரு வாரம் கிளிப்பச்சை, ஒரு வாரம் மாம்பழ மஞ்சள். முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் எப்போதும் அரக்கு. வியர்வைக் கையோடு அவர் புரட்டினால் தாளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பீரோவில் இருந்த எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஓரங்களில் அண்ணனின் கட்டைவிரல் இருக்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

மாதக் கடைசி ஞாயிறு அறிவிப்புகள் முடிந்ததும் அண்ணன் எழுந்து நின்று 'புத்தகச் செய்தி' சொல்ல வேண்டும் என்பது எங்கள் சபையின் வழக்கம். மேல் தட்டுப் புத்தகம் ஒன்றை உயர்த்திப் பிடித்து, "இந்த மாசம் இத வாசிச்சேன். ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு. நீங்களும் எடுத்து வாசிங்க" என்பார். அவ்வளவுதான். என்ன ஆசீர்வாதம், எந்த இடத்தில் என்று ஒருவரும் கேட்டது கிடையாது.

கமிட்டியில் தேவசகாயம் ஐயா என்று ஒரு பெரியவர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோ முன்னால் வந்து நின்றார். "மேல் தட்டுல தூசு. கீழ்த் தட்டு காலி. இது ஆலயமா, வாடகைப் புத்தகக் கடையா? இந்தக் கதைப் பொஸ்தகத்த எல்லாம் மூட்ட கட்டி எடைக்குப் போடுங்க" என்றார்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. அந்தக் கீழ்த் தட்டுதான் அவருக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். "ஐயா, நான் ரெண்டையும் படிச்சிக்கினுதான் இருக்கறேன். ஒண்ணால ஒண்ணு கெடல. போன வாரம் சொன்ன பொஸ்தகங்கூட முழுசா முடிச்சிட்டேன்" என்று கெஞ்சினார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு நியாயம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஐயா, அண்ணன் படிச்சதுக்கு சாட்சி பொஸ்தகத்துலயே இருக்குது, பாருங்க" என்று அந்தப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். முதல் பக்க ஓரத்தில் அரக்குக் கட்டைவிரல். ஐந்தாம் பக்கத்தில், ஒன்பதாம் பக்கத்தில், பன்னிரண்டாம் பக்கத்தில். பெருமையாகப் புரட்டிக்கொண்டே போனேன். பதின்மூன்று, வெள்ளை. இருபது, வெள்ளை. எண்பது வரைக்கும் சலவைக்குப் போய்வந்த வேட்டி மாதிரி வெள்ளை.

ஐயா குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு நாவலை உருவினார். அதில் கடைசிப் பக்கம் வரை பச்சை, மஞ்சள், அரக்கு. மூன்று தடவை படித்த அடையாளம். "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் என்னைத் திட்டவும் இல்லை. பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் பில் தப்புத்தப்பாக வந்தது. அழுகை வேறு.

அடுத்த ஞாயிறு மாதக் கடைசி இல்லை. ஆனாலும் அறிவிப்புகள் முடிந்ததும் அண்ணன் எழுந்தார். கையில் அந்த நாவல்.

"நான் ஆசீர்வாதமா இருந்துச்சின்னு சொன்ன பொஸ்தகம் பல தபா நான் முழுசா வாசிக்காதது. பொய் சொன்னேன். நாளெல்லாம் தொட்டிகிட்ட நின்னுட்டு வந்து அத விரிச்சா தூக்கம் வருது. அது என் குத்தம். இந்தக் கதையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு பேசாமயே செத்துப்பூடறாங்க. மூணு தபா படிச்சேன். செவ்வாக்கெழம ஐயம்பேட்டைக்குப் போயி என் தம்பியப் பாத்தேன். ஆறு வருசம் பேச்சு இல்ல எங்களுக்கு. அவன் வூட்ல சாப்ட்டேன். இதையும் எடைக்குப் போடணும்னா போட்டுக்குங்க. சாவி இந்தாங்க."

போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவசகாயம் ஐயாதான் எழுந்தார். "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும் சாமுவேலு. அந்தப் பொஸ்தகத்த இப்பிடிக் குடு." அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பி இருந்தது சபைக்கே தெரியும். முதலில் பின் வரிசைப் பெண்கள் சிரித்தார்கள், அப்புறம் ஆலயமே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை.

அண்ணன் பன்னிரண்டாம் பக்கத்தோடு விட்ட அந்தப் புத்தகத்தைப் பிறகு நான் பிடிவாதமாகப் படித்தேன். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: பதினான்காம் பக்கத்தில் அதை எழுதிய போதகர் உபதேசத்தை விட்டுவிட்டு, செத்துப்போன தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். இன்றைக்கும் நான் படித்த விசுவாசப் புத்தகங்களில் அதுதான் முதலிடம். "ரெண்டு பக்கம் பொறுத்திருக்கலாம் அண்ணா" என்றேன். "நீ சொல்றத்துக்கு இன்னா, ஒக்காந்து பில்லு போடறவ" என்றார்.

அதற்குப் பிறகு புத்தகச் செய்தி ரகளையாகிவிட்டது. "பிடிக்கல", "நடுவுல வுட்டுட்டேன்", "இவரு சொல்றது சரியில்ல" என்று ஆளாளுக்கு எழுந்து சொல்வார்கள். பீரோ காலியாகிப் புழுதி பறந்தது. பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் ஊரே மாட்டிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பிப் போக வழியில்லாமல் மதியம் வரை உட்கார்ந்து ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டோம்.

ஆலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது பீரோ போனது. சாமுவேல் அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது புத்தகத்துக்கென்று சபையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் போட்டாலும் வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுகின்றன. சண்டை என்ற பேச்சே இல்லை. சென்ற மாதம் எங்கள் சபைக்காரர் ஒருவர் எழுதிய புத்தகத்துக்கு அபிப்பிராயம் கேட்டார்கள். "மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது" என்று தட்டி அனுப்பினேன். நாற்பது பேர் கும்பிட்டார்கள்.

நான் அதில் ஒன்பது பக்கம்தான் படித்திருந்தேன். "மெய்யாலுமே வாசிச்சியாம்மா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை.