ஆரணியின் பிள்ளைக்கு ஒரு வள்ளம்

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு முன்னால், பாதசாரிகள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கோட்டருகே நான் நின்றுகொண்டே இருந்தேன். நோர்வேயில் நான் வாழும் சிறு ஊரில் அப்படி ஒரு கோட்டைக் கடக்க நினைத்தாலே வாகனங்கள் நின்றுவிடும். இங்கே ஆட்டோவும் பஸ்ஸும் சைக்கிளும் என்னை ஒரு மரத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு போயின. என் மகள் ஆரணி, ஏழு மாத வயிற்றோடு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு வீதியில் இறங்கினாள். எல்லாம் நின்றன. அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்து, "அப்பா, வாங்கோ, பயப்படாதேங்கோ" என்றாள். இந்த ஊரில் பிறந்தவன் நான். அவள் பிறந்தது, மாரியில் சூரியனே எழாத ஒரு வடகரையில்.

ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் வெளியே போனவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வருகிறேன் என்று வந்தவள் ஆரணி. அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சுகந்தனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஊருக்கு அவள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அப்படியென்றால் நாங்கள் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று நான் ஒருநாளும் அவளிடம் கேட்கவில்லை. ஆனால் கேள்வி உள்ளே கிடந்து உழன்றது. பிரசவத்துக்கு என்று வந்த நாள் தொட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் யாராவது தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். எழும்பினால், "என்ன வேணும் மாமா?" என்று சுகந்தன் ஓடி வந்தான். விருந்தாளிக்கு வேலை கிடையாது. அதனால்தான் தொட்டில் செய்யத் தொடங்கினேன்.

பார்த்தவர்கள் எல்லாரும் நான் தச்சுவேலையை இங்கே அப்பரிடம் பழகினேன் என்று நினைத்தார்கள். என் அப்பா கந்தோரில் எழுதுவினைஞர். ஒரு ஆணி அடித்ததை நான் கண்டதில்லை. ஆரணி பிறந்த மாரியில் வேலை தேடி அலைந்தபோது, அந்த ஊர்த் துறையில் மரப்படகு திருத்தும் ஊலே என்ற மனிதன், "படகு தெரியுமா?" என்று கேட்டான். நான் வந்த வழியைக் கேட்கிறான் என்று நினைத்து, "இல்லை, விமானத்தில்தான் வந்தேன்" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, கையில் ஒரு உளியைத் தந்தான். அன்றைக்குப் பிடித்த உளி. பலகையைக் கொதி ஆவியில் வைத்து வளைத்து, ஒன்றின் விளிம்பில் மற்றதை ஏற்றிச் செப்பாணி அறைகிற அந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. அதனால் தொட்டிலும் அப்படியே வந்தது: இரண்டு முனையும் கூராக உயர்ந்த ஒரு சின்ன வள்ளம்.

மர ஆலையில் வள்ள வடிவையும் அளவையும் சொன்னபோது, "நிலாவெளி ஹோட்டலுக்கோ? சோடனைக்கு எண்டால் மலிவு மரம் போதும்" என்றார்கள். பிள்ளைக்கு என்றேன். "வெளிநாட்டுப் பிள்ளையோ?" என்று கேட்டார்கள். பலாப் பலகை வாங்கி வந்தேன். கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, தகரக் குழாய்க்குள் ஆவி ஏற்றினேன். முதல் இரண்டு பலகையும் வளையாமல் வெடித்தன. மெல்லிசாகச் சீவியபின் சொன்னபடி கேட்டன. இந்த நகர வீதிகளில் ஆடுமாடுபோலத் திரியும் மான்கள் முற்றத்துக்குள் வந்து சீவலை முகர்ந்துவிட்டுப் போயின.

கடைசிப் பலகை ஏறிய அன்று சுகந்தனின் தாய் மரகதம் இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தா. கையில் முருங்கைக்காயும் கருவாடும். படலைக்குள் வந்தவ அப்படியே நின்றா.

"இதென்ன அண்ணை?"

"தொட்டில். பேரப்பிள்ளைக்கு."

"இது வள்ளம்." பையைக் கீழே வைத்தா. "நாங்கள் ஏணைதான் கட்டுறனாங்கள். சீலையில. இதுக்குள்ள என்ர பேரப்பிள்ளையைக் கிடத்த ஏலாது."

நோர்வேயில் மீன்பிடிக்கிறவர்கள்கூட இப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவ கேட்கவில்லை. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டா. எனக்குக் கோபம் வந்தது. ஆரணிதான் பிறகு சொன்னாள், சுகந்தன் ஒருநாளும் கதைக்காத கதையை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் தகப்பன் கடலுக்குப் போனார். புல்மோட்டைப் பக்கம் வள்ளம் மட்டும் கிடைத்தது. "அப்பா, அவ மனம் நொந்தால் நான் இந்தக் குடும்பத்தில எப்பிடி இருக்கிறது?" என்றாள். அவள் கண் கலங்கியதைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது. அவளுடைய வாழ்க்கை இங்கே. நான் வந்துபோகிறவன்.

மறுநாள் இறக்கக்கண்டிக்குப் போனேன். மரகதம் குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "தெரியாமல் செய்துபோட்டன். அதைக் கழட்டி விறகாக்கிவிடுறன்" என்றேன்.

சுளகு நின்றது.

"உடைக்காதேங்கோ. பிள்ளை வரமுதல் பிள்ளைக்குச் செய்ததை உடைக்கிறதோ?" சுளகைப் பக்கத்தில் வைத்தா. "அண்ணை, அவரைத் தேடிப் போன ஆக்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. நான் சுகந்தனைத் தூக்கிக்கொண்டு கரையில நிண்டனான். வள்ளம் வருது எண்டு ஓடிப்போய் எட்டிப் பாத்தன். உள்ள ஒண்டுமில்லை. ஒரு துணித்துண்டுகூட இல்லை. வள்ளத்தில எனக்கு ஒரு கோவமும் இல்லை அண்ணை. வெறும் வள்ளத்தைத்தான் என்னால பாக்க ஏலாது."

நானும் போர்க்காலத்தில் கரையில் நின்று காணாமல்போன ஆட்களைத் தேடியவன்தான். ஆனால் ஊரைவிட்டுப் போனவனுக்கு இருக்கும் துக்கம் வேறு. இருந்தவர்களுக்கு இருப்பது வேறு.

அவவே எழும்பினா. ஒரு பழைய பருத்திச் சீலையை மடித்துப் பையில் வைத்து, என்னோடு பஸ் ஏறினா. ஆரணியின் முற்றத்தில் அந்தச் சீலையைத் தொட்டிலுக்குள் விரித்தா. விளிம்பைக் கையால் ஒருமுறை தடவினா. "பிள்ளையைத் தூக்கினால் உடன வேற ஏதாவது உள்ள வைக்கோணும். வெறுமையா விடக்கூடாது. சரியோ பிள்ளை?" என்றா. "ஓம் மாமி" என்றாள் ஆரணி.

பெண் பிள்ளை பிறந்தது. வேலையால் நோர்வேயில் நின்ற என் மனைவியும் லீவு எடுத்து வந்து சேர்ந்தா. பேத்தி அந்த வள்ளத்துக்குள் கையைக் காலை அடித்து விளையாடிவிட்டுத் தூங்கினாள். தொட்டிலை ஆட்டியது அநேகமாக மரகதம்தான். பிறகு நாங்கள் இருவரும் நோர்வேக்குத் திரும்பி வந்தோம்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனபோது ஊலேயின் மகன், "யெம்மெ இருப்பது நல்லாயிருக்கா?" என்று கேட்டான். யெம்மெ என்றால் வீட்டில். "நல்லாயிருந்தது" என்றேன். அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான். அவன் கேட்டது இங்கே திரும்பி வந்ததைப் பற்றி; நான் சொன்னது ஆரணியின் வீட்டைப் பற்றி.

அப்போது ஆரணி வீடியோவில் கூப்பிட்டாள். பிள்ளை அவள் மடியில். பின்னால் மரகதத்தின் குரல் கேட்டது: "அண்ணை, கொடியில உங்கட சாரத்தை மறந்துபோட்டுப் போட்டியள். தோய்ச்சு மடிச்சு உள்ள வைச்சிருக்கிறன்." ஆரணி போனைத் திருப்பினாள். தொட்டிலுக்குள் என் நீலக்கட்டச் சாரம் கிடந்தது. மரகதம் அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தா. நான் கம்பளிக் கையுறையோடு, பனி மூடிய துறையில், போனைப் பிடித்தபடி நின்றேன்.